ஸ்கேன் நார்மல்... தலைவலி மட்டும் ஏன் போகவில்லை?

ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கும் தளவாய்புரம், நைட்டிக்குப் பெயர்போன ஊர். துணி வெட்டுவது, தைப்பது, ஓவர்லாக் அடிப்பது, மடித்து பேக் செய்வது என்று பல வேலைகள். செய்பவர்களில் பெண்கள் ஏராளம். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு எத்தனை உருப்படி முடித்தாரோ அவ்வளவுதான் சம்பளம். உடம்புக்கு முடியவில்லை என்று படுத்தால், அன்றைக்குக் கூலி கிடையாது.

இப்படி வேலை செய்யும் ஒருவருக்கு மாதத்தில் நான்கைந்து நாள் தலைவலி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மெஷின் சத்தம் மண்டைக்குள் அடிக்கும். டியூப்லைட் வெளிச்சம் கண்ணைக் கூசும். அவர் என்ன செய்வார்? முதலில் தைலம். அதற்கு அடங்காவிட்டால் கடையில் ஒரு மாத்திரை. "கண் பவரா இருக்கும்" என்று யாராவது சொல்ல, ஒரு கண்ணாடி. "சைனஸா இருக்கும்" என்று இன்னொருவர் சொல்ல, ஒரு எக்ஸ்ரே. "குனிஞ்சே தைக்கிறேல்ல, கழுத்து எலும்பு தேய்ஞ்சிருக்கும்" என்று கழுத்துப் பட்டை. கடைசியில் கடன் வாங்கியாவது மதுரைக்கு பஸ் ஏறி ஒரு ஸ்கேன். ரிப்போர்ட் 'நார்மல்'. "ஒண்ணுமில்லம்மா, டென்ஷன் ஆகாம இருங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அடுத்த வாரம் தலைவலி மறுபடி வரும்.

தளவாய்புரம் தையல்காரருக்கு மட்டுமல்ல, சென்னை ஐ.டி. ஊழியருக்கும் இதே கதைதான். இந்தச் சுற்றில் பெரும்பாலும் யாரும் கேட்காமல் விடுவது சில எளிய கேள்விகளை. தலைவலி எப்படி இருக்கிறது? எவ்வளவு நேரம் நீடிக்கிறது? வரும்போது வேலையைத் தொடர முடிகிறதா, இருட்டு அறையில் படுத்துவிடுகிறீர்களா? மைக்ரேன் என்கிற ஒற்றைத் தலைவலியை உறுதிசெய்யும் சோதனையே இந்தக் கேள்விகள்தான்.

கேள்விதான் டெஸ்ட்

மைக்ரேனைக் காட்டித்தரும் ரத்தப் பரிசோதனை கிடையாது. சாதாரண மைக்ரேன் உள்ளவரின் மூளை, ஸ்கேனில் பெரும்பாலும் நார்மலாகத்தான் தெரியும். மருத்துவர்கள் குத்துமதிப்பாகச் சொல்கிறார்கள் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சர்வதேசத் தலைவலிச் சங்கம் 1988-ல் தலைவலிகளை வகைப்படுத்தி ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. அதன் மூன்றாவது பதிப்பு 2018-ல் வந்தது. உலகம் முழுக்க நரம்பியல் மருத்துவர்கள் பின்பற்றுவது இதைத்தான்.

அதன்படி மைக்ரேன் என்று சொல்ல, குறைந்தது 5 முறையாவது தலைவலி வந்திருக்க வேண்டும். சிகிச்சை எடுக்காவிட்டால் ஒவ்வொன்றும் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். பிறகு நான்கு குணங்களில் இரண்டாவது இருக்க வேண்டும்: ஒரு பக்கம் வலிப்பது, விண் விண்ணென்று துடிப்பது, மிதமானது முதல் கடுமையானது வரையிலான வலி, நடந்தாலோ படியேறினாலோ வலி கூடுவது. இவற்றோடு குமட்டல் அல்லது வாந்தி இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளிச்சம், சத்தம் இரண்டுமே தாங்க முடியாமல் போக வேண்டும். வேறு நோய் எதுவும் இந்த வலிக்குக் காரணமாகத் தெரியக் கூடாது.

டென்ஷன் தலைவலியின் முகம் வேறு. தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குவது போல இரண்டு பக்கமும் அழுத்தும். வலி லேசாகவோ மிதமாகவோ இருக்கும். படியேறினால் கூடாது. வாந்தி வராது. வேலையைச் சமாளித்துவிடலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க எந்த இயந்திரமும் தேவையில்லை. பொறுமையாகக் கேட்கும் ஒரு ஆள் போதும்.

கேட்ட பிறகு உடலையும் பார்க்க வேண்டும். பி.பி. எவ்வளவு, கை கால் பலம் சரியாக இருக்கிறதா, நடை தடுமாறுகிறதா, கழுத்து விறைக்கிறதா, கண்ணுக்குள் ஒளிக் கருவியால் பார்த்தால் பார்வை நரம்பு வீங்கியிருக்கிறதா. பத்து நிமிட வேலை. இதில் எல்லாம் சரியாக இருந்து, கதையும் மைக்ரேனோடு பொருந்தினால், நோய் கண்டறிதல் முடிந்தது. இப்படிப்பட்டவருக்கு ஸ்கேன் தேவையில்லை என்று அமெரிக்கத் தலைவலிச் சங்கம் 2013-லேயே வெளிப்படையாக அறிவுறுத்தியிருக்கிறது.

பெயரிலேயே ஒரு பொறி

'ஒற்றைத் தலைவலி' என்ற பெயர் அழகானது. ஆனால் ஆளைத் தவறாக வழிநடத்தும். "எனக்கு ரெண்டு பக்கமும்தான் வலிக்குது, அப்போ இது மைக்ரேன் இல்லை" என்று பலர் தாங்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். மைக்ரேன் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு வலி இரண்டு பக்கமும் வரும். குழந்தைகளுக்கு அதுதான் அதிகம். மைக்ரேன் என்ற சொல்லும் 'பாதி மண்டை' என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, பொறி இரண்டு மொழியிலும் இருக்கிறது.

ஆனால் வீட்டில் புழங்கும் பேச்சு, இந்த நோயை அந்தப் பெயரைவிடத் துல்லியமாகச் சொல்லிவிடுகிறது. "பித்தத் தலைவலி, வாந்தி எடுத்தா சரியாயிடும்" என்பார்கள். குமட்டலோடு வந்து, வாந்திக்குப் பிறகு சிலருக்குத் தணியும் மைக்ரேனை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. "பொட்டுல தெறிக்குது" என்பது துடிக்கும் வலி. "பட்டினி கிடந்தா தலைவலி வந்துடும்", "வெயில்ல போனா அவ்வளவுதான்" என்பவை தூண்டும் காரணங்கள். "தலைக்குக் குளிச்சா தலைவலி வருது" என்பதும் வெறும் நம்பிக்கை இல்லை. தலைக்குக் குளித்தால் மைக்ரேன் தூண்டப்படும் 94 இந்திய நோயாளிகளைப் பற்றி மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர் 2006-ல் ஓர் ஆய்விதழில் எழுதியிருக்கிறார். நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் அது பதிவானது.

சிலருக்கு வலி வருவதற்கு முன் கண்ணில் பூச்சி பறப்பது போல, நெளி நெளியாக ஒளிக்கோடு தெரியும். 5 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை இருந்து மறையும். இதை 'ஆரா' என்கிறார்கள். இதைத் தவறாமல் கேட்க ஒரு முக்கியக் காரணம் உண்டு. ஆராவோடு மைக்ரேன் வரும் பெண்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் பக்கவாத ஆபத்து கூடுகிறது. ஒரே ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால், அந்த மாத்திரைச் சீட்டு ஆபத்தாகிவிடும்.

நான்கு தவறான தடங்கள்

சைனஸ்: அமெரிக்காவில் தங்களுக்கு 'சைனஸ் தலைவலி' இருப்பதாக நம்பிய, அல்லது மருத்துவரே அப்படிச் சொல்லியிருந்த 2,991 பேரை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகைத் தலைவலி. மைக்ரேன் வரும்போது மூக்கடைப்பும் கண்ணீரும் வரலாம் என்பதால்தான் இந்தக் குழப்பம். நிஜ சைனஸ் தொற்று என்றால் கெட்டியான மஞ்சள் சளி, காய்ச்சல், வாசனை தெரியாமல் போவது போன்ற அறிகுறிகள் கூடவே இருக்கும்.

கண் பவர்: பார்வைக் குறைபாட்டால் நெற்றியில் லேசான வலி வரலாம். நாள் முழுக்க உற்றுப் பார்த்துத் தைப்பவருக்கோ ஸ்கிரீன் பார்ப்பவருக்கோ கண்ணாடி உதவும். ஆனால் வாந்தியோடு இரண்டு நாள் படுக்கவைக்கும் வலியைக் கண்ணாடி தீர்க்காது.

பி.பி.: "தலை வலிக்குது, பிரஷர் ஏறிடுச்சு போல" என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் வசனம். மிதமான ரத்த அழுத்த உயர்வு பொதுவாகத் தலைவலி தருவதில்லை. 180/120 போன்ற அளவுக்குத் திடீரென எகிறும்போதுதான் அது தலைவலிக்குக் காரணமாகக் கருதப்படுகிறது. வலியால் துடிக்கும் நேரத்தில் பி.பி. சற்று கூடுவதும் சகஜம்.

கழுத்து: மைக்ரேன் வருவதற்கு முன்பும் வரும்போதும் கழுத்து இறுகி வலிப்பது மிகச் சாதாரணம். நாற்பது வயதைக் கடந்த பலரின் கழுத்து எக்ஸ்ரேயில் கொஞ்சம் தேய்மானம் தெரியும். இரண்டையும் முடிச்சுப் போட்டால், மைக்ரேனுக்குக் கழுத்துப் பட்டை கிடைக்கும். குனிந்தே வேலை செய்யும் தையல்காரர்கள் இந்தத் தடத்தில் எளிதாக மாட்டிக்கொள்வார்கள்.

மாத்திரையே தலைவலியாகும்போது

சரியான பெயர் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை விழுங்குவதில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் தலைவலி; மூன்று மாதங்களுக்கு மேலாக, பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதம் 15 நாளாவது, கலவை மாத்திரைகளை 10 நாளாவது எடுப்பது. இந்த இரண்டும் சேர்ந்தால் அதற்குப் பெயர் 'மருந்து மிகைப் பயன்பாட்டுத் தலைவலி'. வலியைப் போக்க எடுக்கும் மாத்திரையே வலியை நிரந்தரமாக்கிவிடுகிறது. தலைவலி ஏற்கெனவே உள்ளவர்களுக்குத்தான் இது வருகிறது.

காஃபின் சேர்ந்த கலவை மாத்திரைகள் பல கடைகளில் சீட்டு இல்லாமலே கிடைக்கின்றன. "ஒரு டீ, ஒரு மாத்திரை, வேலையைப் பாரு" என்பது பீஸ் கணக்கில் உழைப்பவருக்கு ஒரு நாளைக் காப்பாற்றும் வழி. அந்த வழி பத்து நாளைத் தாண்டும்போது மாதத்தையே விழுங்கத் தொடங்கும். இதைக் கண்டுபிடிக்கவும் ஸ்கேன் உதவாது. "போன மாசம் எத்தனை நாள் மாத்திரை போட்டீங்க?" என்று ஒருவர் கேட்டாக வேண்டும்.

அப்போ ஸ்கேன் எப்போது?

ஸ்கேனே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தேவைப்படுபவருக்கு ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்பதுதான் விஷயம். கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியமும் காத்திருப்பும் வேண்டாம்.

இடி விழுந்தது போல, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி. மூளையில் ரத்தக்கசிவின் அடையாளமாக இருக்கலாம்.

காய்ச்சல், கழுத்து விறைப்பு, குழப்பம்.

கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், வலிப்பு, பார்வை போவது.

50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி.

கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலோ புதிதாக வரும் கடும் தலைவலி. "தூக்கம் இல்லாததால வருது" என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. ரத்த அழுத்த உயர்வோ, மூளையின் ரத்தநாளத்தில் உறைகட்டியோ காரணமாக இருக்கலாம்.

தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் வலி, இருமினாலோ குனிந்தாலோ வெடிக்கும் வலி.

புற்றுநோய் உள்ளவருக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவருக்கும் புதிதாக வரும் வலி.

இந்தப் பட்டியலும் கேள்விகளால் ஆனதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்கேன் யாருக்கு அவசரம், யாருக்குத் தேவையே இல்லை என்று பிரிப்பதும் கேள்விதான். கேட்காமல் எல்லோரையும் ஸ்கேனுக்கு அனுப்பினால், உண்மையான அவசரக்காரர் வரிசையில் பின்னால் நிற்பார். பாதிப்பில்லாத ஏதோ ஒரு புள்ளி ரிப்போர்ட்டில் தெரிந்து, அதற்காக இன்னொரு சுற்று அலைச்சலும் பயமும் தொடங்கும்.

இது எவ்வளவு பெரிய பிரச்சினை?

உலகில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர், அதாவது 2021 கணக்குப்படி 310 கோடிப் பேர், ஏதோ ஒரு தலைவலி நோயோடு இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில், 18 முதல் 65 வயதுக்குட்பட்ட 2,329 பேரிடம் வீடு வீடாகப் போய் நடத்திய ஆய்வு 2015-ல் வெளியானது. ஓராண்டில் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நால்வரில் ஒருவர்! ஆண்களைவிடப் பெண்களுக்கு வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். தளவாய்புரம் போன்ற ஒரு ஊரை, அதில் வேலை செய்யும் பெண்களை, இந்த மூன்று வரிகளோடு சேர்த்துப் பார்த்தால் பிரச்சினையின் அளவு புரியும்.

இவ்வளவு பேருக்கு இருக்கும் நோயை மருத்துவர்கள் எவ்வளவு நேரம் படிக்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனம் 2011-ல் வெளியிட்ட தலைவலி அட்லஸ் சொல்லும் பதில் அதிர்ச்சியானது. இளநிலை மருத்துவப் படிப்பு முழுவதிலும் உலக அளவில் தலைவலிக்கு ஒதுக்கப்படுவது சுமார் 4 மணி நேரம். மைக்ரேன் ஒருவரைப் படுக்கவைக்கும் நேரத்தின் குறைந்தபட்ச அளவும் அதே 4 மணி நேரம்தான்.

இன்னொரு தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. "தலைவலின்னு சொல்லி வேலைக்கு மட்டம் போடுறா" என்ற பேச்சு. ஆபீஸ் என்றால் "ஒரு ஹெடேக்குக்கு லீவா?" என்ற புருவ உயர்வு. கட்டு இல்லை, காய்ச்சல் இல்லை, ஸ்கேனும் நார்மல். வலியை நிரூபிக்க எதுவும் இல்லாதபோது, வலிக்கிறவர் மீதே சந்தேகம் திரும்புகிறது. நோய்க்குச் சரியான பெயர் கிடைப்பது சிகிச்சைக்கு மட்டுமல்ல, அந்த மரியாதைக்கும் தேவைப்படுகிறது.

மூன்று கேள்வி, ஒரு காலண்டர்

"அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில இருக்கிற கூட்டத்துக்கு இதெல்லாம் நடக்குமா?" என்ற கேள்வி நியாயமானது. ஒரு காலை வேளையில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பார்க்கும் மருத்துவரிடம் அரை மணி நேரம் கேட்க முடியாது. அதற்கும் வழி இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் லிப்டன் குழுவினர் 2003-ல் மூன்றே கேள்விகளைச் சோதித்துப் பார்த்தார்கள். கடந்த மூன்று மாதத்தில் தலைவலியால் ஒரு நாளாவது உங்கள் வேலை தடைபட்டதா? தலைவலியின்போது குமட்டுகிறதா? வெளிச்சம் கூசுகிறதா? மூன்றில் இரண்டுக்கு 'ஆமாம்' என்றால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். மைக்ரேன் இருந்தவர்களில் 81 சதவீதம் பேரை இந்தக் கேள்விகள் சரியாகப் பிடித்தன. கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இது இறுதி முடிவு இல்லை. யாரை உட்காரவைத்து விரிவாகக் கேட்க வேண்டும் என்று காட்டும் முதல் சல்லடை.

தமிழ்நாட்டில் இதற்கான ஆட்கள் ஏற்கெனவே தெருவில் நடந்துகொண்டிருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் பி.பி.யும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். பி.பி. பட்டையைக் கையில் சுற்றும் அந்த ஒரு நிமிடத்தில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்க முடியும். 'ஆமாம்' சொல்பவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பலாம். அங்குள்ள மருத்துவருக்கும் செவிலியருக்கும் ஆபத்து அறிகுறிகளின் பட்டியலோடு ஒரு நாள் பயிற்சி போதும். சந்தேகம் உள்ளவர்கள் மட்டும் ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்கோ, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்கோ போகட்டும். தடுப்பு மருந்துகளில் பல, புராப்ரனலால், அமிட்ரிப்டைலின் போல விலை குறைந்த பழைய மருந்துகள்தான். யாருக்கு எது ஆகாது என்று பார்த்துக் கொடுப்பது மருத்துவரின் வேலை. உதாரணமாக, ஆஸ்துமா இருப்பவருக்குப் புராப்ரனலால் கூடாது.

மருத்துவர் கேட்கும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலையும் இருக்கிறது. பால் கணக்கு குறிக்கும் அதே மாதக் காலண்டரில், தலைவலி வந்த தேதிக்கு ஒரு புள்ளி. மாத்திரை போட்டால் ஒரு கோடு. வாந்தி வந்தால் 'வா'. மாதவிடாய் தேதிக்கு ஒரு வட்டம். வேலைக்குப் போக முடியாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. மொபைலில் குறித்தாலும் சரிதான். மூன்று மாதத் தாளைக் கிழித்து மருத்துவர் மேஜையில் வைத்தால், மாதம் எத்தனை நாள் வலி, எத்தனை மாத்திரை, மாதவிடாயோடு தொடர்பு உண்டா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். பல ஆயிரம் ரூபாய் ஸ்கேனால் சொல்ல முடியாததை அந்தக் காலண்டர் தாள் சொல்லிவிடும்.

அடுத்த முறை மருத்துவர் சீட்டில் 'ஸ்கேன்' என்று எழுதப் போகும்போது, "எதைச் சந்தேகப்பட்டு எடுக்கச் சொல்றீங்க டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை. காரணம் இருந்தால் அவர் சொல்வார், உடனே எடுத்துவிடலாம். காரணம் இல்லையென்றால், அந்தக் காலண்டர் தாளை எடுத்து நீட்டலாம்.